எண்ணெய் குடித்த மண்

டூவீலர் மெக்கானிக் கடை எதை வேண்டுமானாலும் பாருங்கள், வாசலில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். வருஷக்கணக்கில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலும், செயின் கழுவிய மண்ணெண்ணெயும், கிரீஸும் இறங்கி இறுகிப்போன மண் அது. இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில் அந்தப் பக்கம் போனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சுற்றியுள்ள தரை நன்றாக ஈரம் குடித்திருக்கும். அந்தத் திட்டின் மேல் மட்டும் தண்ணீர், சேம்பு இலையில் நிற்பதுபோல உருண்டு நிற்கும். ஒரு குச்சியால் அரை அங்குலம் கீறினால் அடியில் உலர்ந்த பொடி. இரவெல்லாம் பெய்த மழை உள்ளே இறங்கவே இல்லை.

எண்ணெய் மண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நஞ்சு என்றுதான் எல்லோரும் நினைப்போம். நஞ்சும்தான். ஆனால் அதோடு, மண்துகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு தண்ணீரையும் காற்றையும் வெளியே நிறுத்திவிடுகிறது. அங்கே விழுந்த விதை பாதி நஞ்சால் சாகும், பாதி தாகத்தால் சாகும்.

இப்படிக் கெட்ட மண்ணை மீட்பது பற்றிய செய்திகளில் இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். ஒன்று சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு இனத்துப் பொருள்கள். இன்னொன்று ‘எண்ணெய் தின்னும் பாக்டீரியா’. இரண்டுமே மந்திரப்பொடி மாதிரிதான் சொல்லப்படும்: தூவினார்கள், எண்ணெய் மறைந்தது. உண்மையில் இது முக்காலே மூணுவீசம் விவசாய வேலை. உழ வேண்டும், உரம் போட வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொட்டலத்தில் வந்து இறங்கும் பாக்டீரியாவுக்கு அதில் பங்கு சிறியது. சோப்புக்குப் பங்கு உண்டு, ஆனால் அளவு தப்பினால் அது கூட இருந்தே குழிபறிக்கும்.

சீயக்காய்க் கணக்கு

எண்ணெய் தேய்த்துக் குளித்த யாருக்கும் சர்ஃபாக்டன்ட் பற்றிப் பாதி தெரியும். எத்தனை சொம்பு வெறும் தண்ணீர் ஊற்றினாலும் தலையில் பிசுக்கு போகாது. கரைத்த சீயக்காயை வைத்துத் தேய்த்ததும் எண்ணெய் வெளுத்த கஞ்சிபோலக் கழன்று ஓடும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருக்கும் சபோனின் என்ற பொருளின் வேலை அது. அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். இரண்டு பேரோடும் உறவு வைத்திருக்கும் தரகர் மாதிரி எல்லையில் போய் நின்றுகொள்ளும்.

நின்றால் என்ன ஆகும்? தண்ணீருக்குத் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. பரப்பு இழுவிசை என்று பள்ளியில் படித்தது அதுதான். தூய தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியா சுரக்கும் சர்ஃபாக்டின் கொஞ்சம் கலந்தால் 27 அளவுக்கு இறங்கிவிடும். இறுக்கம் தளர்ந்த தண்ணீர் மண்ணின் நுண்ணிய இடுக்குகளுக்குள் நுழையும். அங்கே சிக்கிக்கிடக்கும் எண்ணெயும் பிடி விட்டு நகரத் தொடங்கும்.

சோப்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வேறொன்று நடக்கிறது. எல்லையில் இடம் நிறைந்துவிடுவதால், மிஞ்சிய சோப்பு மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே வால்களை உள்ளே வைத்து, தலைகளை வெளியே நீட்டி, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கூடிக்கொள்ளும். மைசெல் என்று பெயர். உருண்டையின் நடுவயிறு எண்ணெய்க்குப் பிடித்த இடம், எண்ணெய் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். இந்த உருண்டைகள் தோன்றத் தொடங்கும் அளவு பொருளுக்குப் பொருள் மாறும். ஷாம்பு, பற்பசையில் இருக்கும் சோடியம் டோடெசில் சல்பேட்டுக்கு அது லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிராம். சூடோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் ராம்னோலிப்பிடுக்குச் சில பத்து மில்லிகிராமே போதும். நுண்ணுயிர் செய்த சோப்பின்மேல் ஆய்வாளர்களுக்கு இத்தனை மோகம் ஏன் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஆக, சோப்பு எண்ணெயைப் பிடித்த இடத்திலிருந்து கிளப்பும், தண்ணீரில் ஏற்றும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு துளி எண்ணெயையும் அது அழிப்பதில்லை. மண்ணில் இருந்தது இப்போது தண்ணீரில் இருக்கிறது, அவ்வளவே. அந்தத் தண்ணீர் எங்கே போகப்போகிறது என்று முதலிலேயே யோசிக்காதவர்கள், வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளியவர்கள்தான்.

இதை உலகம் 1967இல் கற்றுக்கொண்டது. அந்த ஆண்டு மார்ச் 18இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அப்பால் பாறையில் மோதியது. அதில் 1 லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இருந்தது. எண்ணெயைக் கழுவ ஏறத்தாழ 10,000 டன் டிடர்ஜென்ட் கடலிலும் கரையிலும் கொட்டப்பட்டது. கப்பல் இன்ஜின் அறையைக் கழுவும் சரக்கு அது, கரைப்பான்கள் கலந்த கடும் நஞ்சு. பாறையில் ஒட்டி வாழும் நத்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அவை மேய்ந்து கட்டுப்படுத்தி வைத்திருந்த பாசி, தடுக்க ஆளில்லாமல் காடாக வளர்ந்தது. டிடர்ஜென்ட் படாமல் எண்ணெய் மட்டும் பட்ட பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறின. டிடர்ஜென்ட் நன்றாகப் பட்ட இடங்கள் தேறப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

ஒரு சென்ட் நிலத்தின் பசி

எண்ணெயை உண்மையிலேயே இல்லாமல் ஆக்குவது நுண்ணுயிர். கச்சா எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளச் சங்கிலிகளும் வளையங்களும். சங்கிலியின் நுனியில் ஒரு ஆக்சிஜன் அணுவைச் செருகும் நொதி சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. அந்த ஒரு செருகல்தான் கடினம். அது நடந்துவிட்டால் சங்கிலி முதலில் ஆல்கஹாலாகி, பிறகு கொழுப்பு அமிலமாகிவிடும். கொழுப்பு அமிலத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தின்ன நம் உடம்புக்கே தெரியும். கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும் கொஞ்சம் புதிய பாக்டீரியாவும்.

இந்தத் திறமை அபூர்வமானதும் அல்ல. சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ், அசினிடோபாக்டர், மைக்கோபாக்டீரியம் என்று பெரிய படையே இருக்கிறது, அதுவும் ஏறக்குறைய எல்லா மண்ணிலும். இலையின் மெழுகையும் செத்த பூச்சியின் கொழுப்பையும் தின்று பழகிய கூட்டம் அது. எண்ணெய் கொட்டிய சில வாரங்களில் அவை தாமாகவே பல மடங்கு பெருகிவிடும். (நம்மூர் விவசாயிகள் விதைநேர்த்திக்கு வாங்கும் ‘சூடோமோனாஸ்’ பாக்கெட்டும் இந்தக் குடும்பத்துப் பங்காளிதான். அதைக் கொண்டுபோய் ஆயில் கொட்டிய இடத்தில் தூவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கிளம்பிவிடாதீர்கள். அது வேறு வேலைக்கு வந்த ஆள்.)

அப்படியானால் ஏன் அந்த மெக்கானிக் கடைத் திட்டு பத்து வருஷமாக அப்படியே இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சென்ட் நிலம், ஒரு அடி ஆழம், அதில் எடையில் 2 சதவீதம் எண்ணெய் என்று வையுங்கள். மண் சுமார் 17 டன் வரும், எண்ணெய் 340 கிலோ. ஒரு கிலோ எண்ணெயை முழுக்கச் செரிக்க மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். மொத்தம் 1.2 டன் ஆக்சிஜன். காற்றாகச் சொன்னால் 4,000 கன மீட்டருக்கு மேல். அத்தனை காற்றும் அந்த ஒரு சென்ட் மண்ணின் இடுக்குகள் வழியாக உள்ளே போயாக வேண்டும். மண்ணோ எண்ணெயால் அடைத்துக்கிடக்கிறது.

தண்ணீர் வழியாக ஆக்சிஜன் கொடுக்கலாம் என்றால் அது இன்னும் மோசம். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பது எட்டு மில்லிகிராம்தான். ஒரு கிலோ எண்ணெய்க்கே நாலு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் ஓட வேண்டும். நீர் தேங்கிய நிலத்தில் எண்ணெய் ஏன் இத்தனை பிடிவாதமாகக் கிடக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது உரம். எண்ணெயில் கார்பன் கொட்டிக்கிடக்கிறது, நைட்ரஜனும் பாஸ்பரஸும் அநேகமாக இல்லை. வெறும் சோறு மட்டும் போட்டுக் குழம்பு, பொரியல் எதுவும் இல்லாத சாப்பாடு மாதிரி. நூறு பங்கு கார்பனுக்குப் பத்துப் பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது துறையில் எல்லோரும் சொல்லும் தொடக்கக் கணக்கு. நம் ஒரு சென்ட்டுக்கு அது 29 கிலோ நைட்ரஜன், யூரியாவாகச் சொன்னால் ஒன்றரை மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் கொட்டினால் பயிர் கருகுவதுபோலப் பாக்டீரியாவும் கருகும். பிரித்துப் பிரித்துத்தான் போட வேண்டும். ஈரமும் அப்படித்தான்: பிடித்தால் உதிரும் பதம் வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது.

இதற்குப் பிறகு பாக்டீரியாப் பொடி வாங்குவதா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வியாகிவிடுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலைபார்த்த வங்காள விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயின் பல கூறுகளையும் ஒன்றாகத் தின்னும் சூடோமோனாஸ் ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பானது. உயிரித் தொழில்நுட்பத் துறையே அந்தத் தீர்ப்பின்மேல்தான் எழுந்து நிற்கிறது. அந்தப் பாக்டீரியாவோ எந்த எண்ணெய்க் கசிவிலும் இறக்கிவிடப்படவே இல்லை.

ஹெலிகாப்டரிலிருந்து தெரிந்த கட்டங்கள்

சோப்பும் நுண்ணுயிரும் ஒன்றாக வேலை செய்ததற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அலாஸ்கா. 1989 மார்ச் 24இல் எக்ஸான் வால்டஸ் கப்பல் ப்ளை ரீஃப் என்ற பாறைத்திட்டில் ஏறி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் வளைகுடாவில் கொட்டியது. முதலில் செய்தது, பார்க்க வீரமான வேலை: வெந்நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சிக் கரையைக் கழுவினார்கள். எண்ணெயோடு சேர்ந்து பாறையில் உயிரோடு இருந்ததெல்லாம் வெந்து போனது. அப்படிக் கழுவிய கரைகள் கழுவாத கரைகளைவிடத் தாமதமாகவே தேறின.

அந்தக் கோடையிலேயே இன்னொரு சோதனையும் நடந்தது. எண்ணெய் படிந்த கூழாங்கற் கரையில் கட்டம் கட்டி, இனிபோல் என்ற பிரெஞ்சுத் தயாரிப்பைத் தெளித்தார்கள். பாக்டீரியா எதையும் புதிதாகக் கொண்டுவரவில்லை. இனிபோல் ஒரு உரம், ஆனால் விசித்திரமான உரம். வெறும் யூரியாவைக் கரையில் போட்டால் அடுத்த அலையில் கரைந்து கடலுக்குப் போய்விடும். அதனால் யூரியாவை ஒலீயிக் அமிலத்துக்குள் பொதிந்து, எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும் குழம்பாக்கியிருந்தார்கள். அந்தக் குழம்பைக் கட்டிப்பிடிக்க ஒரு சர்ஃபாக்டன்ட் தேவைப்பட்டது. பாஸ்பேட்டாலேயே ஆன சர்ஃபாக்டன்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். எனவே சோப்பாகவும் அதுவே இருந்தது, பாஸ்பரஸ் உரமாகவும் அதுவே இருந்தது. எனக்கு இந்த இடத்தில் கைதட்டத் தோன்றும். உணவும் உரமும் ஆக்சிஜனும் ஒரே கோட்டில், எண்ணெயும் தண்ணீரும் தொடும் அந்த எல்லையில், சந்திக்கும்படி செய்துவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தெளித்த கட்டங்கள் மட்டும் வெளுத்து, கறுப்புக் கரையில் ஜன்னல் திறந்ததுபோல ஹெலிகாப்டரிலிருந்தே தெரிந்தன. பிறகு 1992 வரை அந்தக் கரைகளில் உரமாகப் போட்ட நைட்ரஜன் மட்டும் 50 டன் அளவுக்கு வரும்.

கடையில் விற்கும் பாக்டீரியாவுக்கும் அங்கே ஒரு தேர்வு வைத்தார்கள். 1990இல் இரண்டு வணிகத் தயாரிப்புகளைக் கட்டம் கட்டிச் சோதித்தார்கள். ஏறத்தாழ நாலு வாரத்துக்குப் பிறகும், தூவிய கட்டத்துக்கும் தூவாத கட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உள்ளூர்ப் பாக்டீரியா ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருந்தது.

கதை அங்கே சுபமாக முடியவில்லை. 2001இல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் 91 இடங்களில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட இடங்களில் எண்ணெய் இன்னும் இருந்தது. கரையின் மேலடுக்கில் தண்ணீர் சுலபமாகப் புகுந்து ஓடுகிறது. அதன் கீழே இறுகிய அடுக்கில் ஓட்டம் மிகக் குறைவு, ஆக்சிஜனும் மிகக் குறைவு. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய எண்ணெய் அங்கே ஊறுகாய் ஜாடியில் இருப்பதுபோல இருந்தது. பாக்டீரியாவுக்குப் பசி இல்லை என்பதல்ல, மூச்சுவிட வழியில்லை.

இருவருக்கும் ஒத்துப்போகாத இடங்கள்

சோப்பு எண்ணெயைக் கரைத்துத் தந்தால் பாக்டீரியா வேகமாகத் தின்னும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பாதி நேரம் அப்படியே நடக்கவும் செய்கிறது. மீதிப் பாதி நேரம் நேர்மாறாக நடப்பதுதான் இந்தத் துறையின் தலைவலி.

மைக்கோபாக்டீரியம் போன்றவற்றின் மேல்தோல் மெழுகு போன்றது. அவை எண்ணெய்த் துளியின் மேலேயே உட்கார்ந்து நேரடியாக உறிஞ்சும். சோப்பு வந்தால் எண்ணெயோடு சேர்த்து அவற்றையும் பிடுங்கி எறிந்துவிடும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை இலையிலிருந்து எழுப்பிவிட்டதுபோல. இன்னொரு சிக்கல், மைசெல் உருண்டைக்குள் போன எண்ணெய் தண்ணீரில் மிதந்தாலும் பாக்டீரியாவின் வாய்க்கு எட்டாமல் உள்ளேயே இருந்துவிடலாம். மூன்றாவது, சோப்பே சுவையான தீனியாக இருந்துவிட்டால் பாக்டீரியா அதைத் தின்றுவிட்டு எண்ணெயை அப்படியே விட்டுவிடும். நான்காவது எல்லோருக்கும் தெரிந்தது: எண்ணெய்ப் படலத்தைக் கரைக்கும் பொருள், கொழுப்பாலேயே ஆன பாக்டீரியாவின் உறையையும் கரைக்கும். நாம் சோப்புப் போட்டுக் கை கழுவுவதே அதற்காகத்தானே.

அதனால் எந்தச் சோப்பு என்பது முக்கியமாகிறது. நேர்மின்னூட்டம் கொண்ட வகை கிருமிநாசினியாகப் பயன்படுவது, களிமண்ணின் எதிர்மின்னூட்டத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கியும்விடும். அதைத் தொடவே கூடாது. துணி சோப்பு வகை, கால்சியம் நிறைந்த மண்ணில் உப்புத்தண்ணீரில் குளித்த சோப்புபோலத் திரிந்து வீணாகும். அதோடு வரும் சோடியம் களிமண் கட்டியைக் கலைத்து நிலத்தைக் களராக்கவும் பார்க்கும். மின்னூட்டமே இல்லாத வகைகள், ஐஸ்கிரீமில்கூடச் சேர்க்கும் பாலிசார்பேட் 80 மாதிரி, பாக்டீரியாவோடு ஓரளவு ஒத்துப்போகும். நுண்ணுயிர் தானே சுரக்கும் ராம்னோலிப்பிட், சர்ஃபாக்டின், ஈஸ்ட் தரும் சோஃபரோலிப்பிட் எல்லாம் மண்ணில் சுலபமாக மட்கிப்போகும். விலைதான் உறுத்தும். ராம்னோலிப்பிடை அதிகம் சுரக்கும் சூடோமோனாஸ் ஏருகினோசா மருத்துவமனைகளில் தொற்று உண்டாக்கும் கிருமி வேறு. உயிரோடு அதை வயலில் தூவச் சொல்பவரிடமிருந்து தள்ளி நிற்பது நல்லது. பூந்திக்கொட்டைச் சாற்றால் மண்ணைக் கழுவிப் பார்க்கும் ஆய்வுகள் 1990களிலேயே வந்துவிட்டன. நம் பாட்டிமார்களுக்குக் காப்புரிமைப் பங்கு யாரும் தரவில்லை.

மண்ணின் தன்மை அடுத்தது. மணலாக இருந்தால் தோண்டி, பெரிய உருளையில் சோப்புத் தண்ணீரோடு போட்டு, கிரைண்டரில் அரிசி கழுவுவதுபோலக் கழுவி எடுத்துவிடலாம். எண்ணெய் கலந்த தண்ணீரையும் கையோடு பிடித்துச் சுத்திகரிக்கலாம். களி ஏற ஏற இந்த முறை கட்டுப்படியாகாது, எண்ணெயெல்லாம் அந்த நுண்துகள்களோடு சேறாகத் திரும்பி வரும். அப்போது அதைப் பரப்பி உழுவதுதான் வழி: ஒரு அடிக்கு மேல் தடிமன் வேண்டாம், அடியில் கசியாத விரிப்பு, மேலே உரமும் ஈரமும், வாரம் ஒரு தடவை கலப்பை. இடம் இல்லையென்றால் மேடாகக் குவித்து நடுவில் ஓட்டைக் குழாய் வைத்துக் காற்றை இழுப்பார்கள். உழும்போது மண் பொலபொலவென்று இருக்க உமியோ தென்னைநார்க் கழிவோ கலக்கலாம். சோப்பு இங்கே ஊறுகாய் அளவுதான், பிடிவாதமாக ஒட்டியதைக் கடைசியில் கிளப்ப மட்டும்.

குவைத்தில் இந்த வேலைதான் பெரிய அளவில் நடந்தது. 1991இல் ஈராக் படை பின்வாங்கியபோது 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. எரியாமல் பீறிட்டது பாலைவனத்தில் தேங்கி 300க்கு மேற்பட்ட எண்ணெய்க் குட்டைகளானது. அந்தக் குட்டைகளின் ஓரத்தில் தானாக முளைத்த காட்டுச் செடிகளைக் குவைத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிடுங்கிப் பார்த்தார்கள். எண்ணெய் ஊறிய கறுப்பு மணலிலிருந்து வேர் வெள்ளையாக வெளியே வந்தது. வேரைச் சுற்றி எண்ணெய் தின்னும் பாக்டீரியா மொய்த்திருந்ததை 1995இல் எழுதினார்கள். வேர் கசியும் சர்க்கரை பாக்டீரியாவுக்குக் கூலி, அது வேருக்குத் துப்புரவுப் பணி செய்கிறது.

டெல்டாவும் சுன்னாகமும் எண்ணூரும்

நம் பக்கத்து மண்ணுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? 2017 ஜூன் 30இல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது, ஊரே திரண்டது, கைதுகள் நடந்தன. அதன் அரசியல் தனியாக எழுத வேண்டிய விஷயம். மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், டெல்டா வயல் மேலே சொன்ன கணக்குக்கெல்லாம் எதிராக நிற்கிறது. களிப்பாங்கான மண். தண்ணீர் கீழே போகாதிருக்கச் சேற்றுழவு செய்து வேண்டுமென்றே இறுக்கிய அடித்தளம். பயிர்க்காலம் முழுக்கத் தேங்கிய நீர். நெல்லுக்கு எது வசதியோ அதெல்லாம் எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்கு மூச்சுமுட்டல். அங்கே கசிந்தால் முதல் வேலை தண்ணீரை வடித்து, எண்ணெய் ஊறிய மண்ணை வெட்டி எடுத்து, மேட்டில் பரப்புவது. மண்ணை வெட்டாமல் வயலிலேயே சோப்பு ஊற்றினால் வாய்க்கால் வழியாக அடுத்த வயலுக்கு அனுப்பிவைத்ததாக ஆகும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் தொல்லை இன்னொரு மாதிரி. மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் மின் உற்பத்தி நிறுவனத்துக்கு 2 கோடி ரூபாய் இழப்பீட்டுத் தொகை விதித்தது. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மேலே விழுந்தது வடிகட்டல் ஏதுமின்றிக் கிணற்றுக்குப் போகும். இப்படிப்பட்ட இடத்தில் சோப்பால் எண்ணெயைக் கிளப்புவது, கூரையில் ஒட்டிக்கிடந்ததை நேரே குடத்தில் தள்ளுவதற்குச் சமம். காற்றும் உரமும் கொடுத்துவிட்டு, எண்ணெயை இருந்த இடத்திலேயே தின்ன விடுவதுதான் இங்கே பாதுகாப்பு. நாள் ஆகும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி அருகே 1979இல் குழாய் உடைந்து நிலத்தடியில் இறங்கிய எண்ணெயை, அள்ள முடிந்ததை அள்ளிவிட்டு, மிச்சத்தை இயற்கையிடம் விட்டு 1983 முதல் கண்காணிக்கிறார்கள். நுண்ணுயிர்கள் தின்றுகொண்டே இருக்கின்றன. நாற்பது வருஷம் தாண்டியும் எண்ணெய் முழுக்கத் தீரவில்லை.

எண்ணூரில் 2017 ஜனவரி 28இல் இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் ஒதுங்கியது தார்போல இறுகிய சரக்கு. இயந்திரங்களால் உறிஞ்ச முடியாமல் மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளியில் அள்ளியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அள்ளியதைத் துறைமுக வளாகத்தில் குழி அமைத்து, பாக்டீரியா சேர்த்து மட்க வைக்க ஏற்பாடு நடந்தது. அது சரியான வரிசை: முதலில் கை, பிறகு நுண்ணுயிர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் போய் அப்பியது முகத்துவாரத்தின் அலையாத்திச் செடிகளில். அது எல்லாவற்றையும்விடச் சங்கடமான இடம். அலையாத்திச் சேற்றில் ஒரு விரற்கடைக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது, அதனால்தான் அந்தச் செடி மூச்சு வேர்களை மேலே நீட்டி வைத்திருக்கிறது. எண்ணெய் அப்புவது அந்த மூச்சு வேரில். உழ முடியாது, கழுவ முடியாது, சோப்பு ஊற்றினால் நண்டும் இறாலும் போகும். தண்டையும் வேரையும் கையால் துடைத்துவிட்டு, கரையோர மணலைத் தனியே அள்ளிப்போய் மீட்பது தவிரப் பெரிதாக எதையும் சொல்வதற்கில்லை.

மண் மீண்டுவிட்டதா என்று யார் சொல்வது? ஆய்வறிக்கையில் ஒரு எண் வரும்: மண்ணில் மொத்தம் இத்தனை மில்லிகிராம் ஹைட்ரோகார்பன். எண் பாதியாகிவிட்டது என்றால் முதலில் போனது எது என்று கேட்க வேண்டும். நேரான சங்கிலிகள் சீக்கிரம் போய்விடும். கிளைத்தவை, வளையங்கள், கடைசியாகத் தார் போன்ற கனமான பகுதி என்று வரிசை இருக்கிறது. கடைசிப் பகுதியைத் தின்ன அநேகமாக ஆளே இல்லை, அது மண்ணோடு கறுப்பாக ஒட்டித் தங்கிவிடும். அதனால் நிறத்தை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது, எண்ணை மட்டும் வைத்தும் முடியாது. மண்ணைத் தொட்டியில் போட்டு விதை முளைக்கிறதா, மண்புழு பிழைக்கிறதா என்று பார்ப்பது ஆய்வுக்கூடங்களே செய்யும் சோதனை.

வீட்டிலும் செய்யலாம். அந்த மெக்கானிக் கடைத் திட்டிலிருந்து ஒரு கொட்டாங்குச்சி மண், பக்கத்து நல்ல மண் இன்னொரு கொட்டாங்குச்சி. இரண்டிலும் இருபது இருபது பச்சைப்பயறு. ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, முதலில் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பாருங்கள். நாலாம் நாள் காலையில் முளையை எண்ணலாம்.